அலறுவது அவனல்ல

புஷாயிபை அவர்கள் அடித்தது பட்டப்பகலில், சாஃபி துறைமுகத்து மீன்சந்தையின் நடுவே. மத்திக் கூடைகளுக்கு இடையில் அவனைத் தள்ளி, ஒருவன் அவன் மணிக்கட்டை மிதித்துக்கொள்ள, இன்னொருவன் மார்பில் மண்டியிட்டு முகத்தில் குத்தினான். மூன்றாமவன் சற்றுத் தள்ளி நின்று கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தான். மூவரும் ஜெல்லாபா என்னும் நீண்ட வெள்ளை அங்கி அணிந்திருந்தார்கள். ஐஸ் கரைந்த தண்ணீரோடு ரத்தம் கலந்து வாய்க்காலுக்குப் போயிற்று.

கூட்டம் நின்று பார்த்தது. ஒருவரும் தடுக்கவில்லை. பயம் காரணமல்ல. அடிப்பவர்கள் தூயோர் கூட்டத்து ஆட்கள். அவர்கள் ஒருவனை அடித்தால் அதற்கு நியாயமான காரணம் இருக்கும் என்று எங்கள் ஊர் நம்பியிருந்த காலம் அது.

"எதையாச்சும் திருடியிருப்பான்," என்றான் ஐஸ் உடைக்கும் லர்பி.

"பொம்பள சமாச்சாரமா இருக்கும்," என்றான் பக்கத்தில் நின்ற சுமைகாரன்.

சந்தை வாசலில் மத்தி சுட்டு விற்கும் ஹனியா அடுப்பிலிருந்து ஒரு சட்டுவம் நெருப்பை அள்ளிக்கொண்டு வந்தாள். மிதித்துக்கொண்டிருந்தவனின் காலடியில் கொட்டினாள். அவன் துள்ளி விலகினான்.

"இங்க மீனைத்தான் அறுப்போம். மனுசன அறுக்கணும்னா வேற எடம் பாருங்க."

ஓதிக்கொண்டிருந்தவன் கண்ணைத் திறந்தான். கோபமே இல்லாத முகம். "தாயே, நாங்க இவன அடிக்கல. இவனுக்குள்ள குடியிருக்கிறத அடிக்கிறோம்."

"அப்படியா. ரத்தம் மட்டும் இவன் மூக்குலருந்து வருதே."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியதும் மூவரும் ஜெல்லாபாவை உதறிக்கொண்டு போய்விட்டார்கள். ஹனியா அவனை அடுப்புப் பக்கம் இழுத்து உட்காரவைத்து முகத்தைக் கழுவினாள். அவனுடைய வலது கையில் இரண்டு விரல்கள் எப்போதோ உடைந்து கோணலாக ஒட்டியிருந்தன. அவை இன்றைய காயமல்ல.

"என்னடா பண்ண?"

"வீட்டுக்குப் போகணும்னு சொன்னேன்."

"அதுக்கா?"

"சொன்னேன், விடல. செவர் ஏறிக் குதிச்சு வந்துட்டேன். அதுக்குத்தான்."

ஹனியா சூடான மத்தியை ரொட்டியில் வைத்துக் கொடுத்தாள். பல் ஆடியதால் அவனால் மெல்ல முடியவில்லை.

தூயோர் கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் நல்லது செய்தார்கள். அதை மறைத்துவிட்டுக் கதை சொன்னால் எங்கள் ஊரே முட்டாள்களின் ஊர் என்று ஆகிவிடும். முந்தைய குளிர்காலத்தில் துறைமுக வாயிலில் ஒரு மத்திப்படகு கவிழ்ந்தது. பிணங்கள் ஒவ்வொன்றாகக் கரை ஒதுங்கின. நண்டு தின்ற முகங்களைத் தொட உறவுக்காரர்களே தயங்கியபோது, எங்கிருந்தோ வந்த இந்த வெள்ளை உடைக்காரர்கள்தான் குளிப்பாட்டினார்கள், கஃபன் துணி சுற்றினார்கள், குழி தோண்டினார்கள். இறந்தவர்கள் வீட்டுக்கு மாவும் எண்ணெயும் சுமந்துபோய் இறக்கினார்கள். ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தால்கூட வாங்கவில்லை. பிறகு கடலோரத்தில் மூடிக்கிடந்த மீன் டப்பா ஆலையைச் சுத்தம் செய்து அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய தலைவர் துஹாமியைச் சீதி, அதாவது ஐயா, என்று மரியாதையோடு அழைப்பார்கள். ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுவார்.

அந்தப் படகிலிருந்து உயிரோடு கரையேறியவன் ஹனியாவின் கணவன் மிலூத். ஏறினானே தவிர, பாதி மனிதனாகத்தான் இருந்தான். கடலுக்குப் போகப் பயந்தான். சாப்பிடும்போது பாதியில் எழுந்து அழுதான். ஹனியா என்னென்னவோ செய்து பார்த்தாள். கடைசியில் அவனைத் தூங்கவைத்தது தூயோர் கூட்டம்தான். அங்கே போய் உட்கார்ந்தால் அவனோடு சேர்ந்து பத்துப் பேர் அழுதார்களாம். போகப்போக அவன் வீட்டில் இருக்கும் நேரம் குறைந்தது. அவனும் வெள்ளை உடுத்தத் தொடங்கினான்.

வீட்டில் மூன்றாவது ஆள் ஜீலாலி, ஹனியாவின் தம்பி. வாப்பாவும் உம்மாவும் போனபின் அவள் தூக்கி வளர்த்தவன். வலை பின்னுவதில் கெட்டிக்காரன், வாய் அதைவிட. சிறுவயதில் துறைச்சுவரிலிருந்து தலைகுப்புற விழுந்தபின் அவனுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி மாத்திரை போட்டால் அடங்கியிருக்கும். மறந்தால் வரும். அவனுக்குப் பேசிய பெண் வீட்டார், ஒருநாள் அவன் தெருவில் விழுந்து நுரை தள்ளியதைப் பார்த்துவிட்டுப் பேச்சை முறித்துக்கொண்டார்கள்.

புஷாயிபை அடித்த அன்று மாலை மிலூத் பேச்சை எடுத்தான்.

"ஜீலாலிய சீதி பாக்கணுங்கிறாரு. கொஞ்ச நாள் அங்கயே இருந்தா சரியாயிடும்னாரு. மாத்திரைய மட்டும் நிறுத்தணும்."

"இன்னைக்குச் சந்தையில உங்காளுங்க என்ன செஞ்சாங்க தெரியுமா?"

"தெரியும். புஷாயிபுக்கு முத்திப்போச்சு. அவன் பேசுறது அவன் பேச்சில்ல."

"என்கிட்ட மத்தி கேட்டப்ப அவன் பேச்சாத்தான் இருந்துச்சு."

ஜீலாலி தட்டிலிருந்து தலை தூக்கினான். "அக்கா, எனக்குப் போகணும்போல இருக்கு."

"நீ சும்மா இரு."

"சும்மா இருந்து என்ன கண்டேன்? தெருவுல நடந்தா பிள்ளைங்க பின்னாடி வர்றாங்க, எப்ப விழுவேன்னு பாக்க. அந்த மாத்திரையப் போட்டா நாளெல்லாம் தூக்கம். எனக்கும் கல்யாணம் பண்ணணும்னு ஆசையிருக்காதா?" சொல்லிவிட்டுச் சிரித்தான். "உள்ள புகுந்திருக்கிற ஜின்னு என்னை விட்டுப் போச்சுன்னா ஒரு பொண்ணாவது புடிக்கும்ல. ரெண்டுல ஒண்ணு என்கூட இருந்துதானே ஆகணும்."

ஹனியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். "மொதல்ல நான் போய்ப் பாக்கிறேன். சந்தையில மீன் வாங்குறவகூட செவுளப் பிரிச்சுப் பாத்துத்தான் வாங்குறா. தம்பிய அதவிடச் சுளுவா விட்டுட முடியாது."

மிலூத்துக்கு அது பிடிக்கவில்லை. சோதித்துப் பார்ப்பது நம்பிக்கையில் சேராது என்றான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் போனாள். அந்த ஆலையை அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் அங்கே மத்தித் தலை அறுத்திருக்கிறாள். இப்போது சுவரெல்லாம் வெள்ளையடித்துச் சுத்தமாக இருந்தது. சீதி துஹாமி எழுந்து நின்று வரவேற்றார். பெண்பிள்ளைக்கு எழுந்து நிற்கும் ஆண்களை அவள் அதிகம் பார்த்ததில்லை. கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு தணிந்த குரலில், "உங்க மக ரஹ்மா உங்களுக்காகச் சொர்க்க வாசல்ல காத்திருக்கா, தாயே," என்றார்.

பிறந்த கையோடு போன குழந்தை அது. அந்தப் பெயரைக் கேட்டதும் ஹனியா உடைந்து அழுதுவிட்டாள். அழுது முடித்தபோது அவள் மனம் இளகியிருந்தது. இவரை நம்பலாம் என்றே தோன்றியது. மிலூத்தான் அந்தப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

தேநீர் ஊற்ற ஒரு பெண் வந்தாள். பெயர் தாமு என்றாள். சட்டைக் கைக்குள் மணிக்கட்டுவரை நீலம் பாரித்திருந்தது.

"கையில என்ன?" என்று ஹனியா கேட்டாள்.

தாமு பதில் சொல்லுமுன் பூட்டிய கதவோரம் நின்றிருந்த ஆளைப் பார்த்தாள். அவன் தலையை அசைத்தான். "விழுந்துட்டேன்," என்றாள்.

"எந்த ஊரு நீ?"

மறுபடியும் அவனைப் பார்த்தாள். "அஸ்ஸவீரா பக்கம்."

"வீட்டுக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?"

இம்முறை அவன் தலையை அசைக்கவில்லை. தாமு தேநீர்க் கெண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஹனியா துஹாமியிடம் திரும்பினாள். "இங்க சொகமான ஒருத்தர்கிட்ட நான் தனியாப் பேசணும். கூட யாரும் வேணாம்."

"இங்க நாங்க எல்லாரும் ஒரே உடம்பு, தாயே. தனியா ஆரும் இல்ல."

"என் தம்பி வந்து, பாதியில போறேன்னா?"

அவர் சிரித்தார். "அப்படிச் சொல்றது உங்க தம்பியா இருக்காது."

ஹனியா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

அன்று வீட்டில் சண்டை மூண்டது. "ஓதுறதுக்கு எதுக்குக் கதவப் பூட்டணும்? நம்ம பள்ளிவாசல்ல தொழும்போது கதவு தொறந்துதானே கெடக்கு," என்று அவள் கேட்க, மிலூத், "சீதி சொன்னது சரியாப்போச்சு. உனக்குள்ளயும் புகுந்துருக்கு," என்றான். அவள், "எனக்குள்ள இருக்கிறது மூளை, உனக்கு அது பழக்கமில்ல," என்றாள். அவன் அறைந்தான். இத்தனை வருடத்தில் முதல் அறை. அவள் ஒரு கணம்தான் திகைத்தாள். அடுத்த கணம் மண்சட்டியை எடுத்து அவன் தலையில் உடைத்தாள். சட்டியும் உடைந்தது, நெற்றியும் பிளந்தது. ஜீலாலி நடுவில் விழுந்து இருவரையும் பிரித்தான். பிரித்துவிட்டு, இதெல்லாம் தன்னால்தானே என்று மூலையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

ஒருவேளை அதுதான் அவனை முடிவெடுக்க வைத்திருக்கும். வார இறுதியில் ஹனியா சந்தையில் இருந்தபோது மிலூத் அவனை அழைத்துப்போய்விட்டான். மாத்திரைப் புட்டி அடுக்களை அலமாரியில் அப்படியே இருந்தது.

ஆலையின் கதவை அவள் கை வலிக்கத் தட்டினாள். சின்னத் திறப்பு வழியே ஒருவன், "நல்லா இருக்காரு. அவருக்குப் பாக்க விருப்பமில்ல," என்றான்.

"அத அவன் வாயால சொல்லட்டும்."

"பேசாவிரதம்," என்று திறப்பை மூடினான்.

காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "அவர் என்ன சின்னப் பிள்ளையா? அவரா நடந்து போயிருக்காரு. ஓதிப் பாக்கிறது குத்தமில்லயே. அதுவும் கூட்டிட்டுப் போனது உங்க வீட்டுக்காரரு." உடம்பில் காயம் ஏதாவது பார்த்தால் வரச் சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் உடம்பில் காயத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பிறகுதான் புஷாயிபைத் தேடிப் போனாள். குயவர் மேட்டில், அவனுடைய சித்தப்பாவின் சூளைக்குப் பின்னால் ஒளிந்திருந்தான்.

"உள்ள என்ன நடக்கும்? ஒண்ணு விடாம சொல்லு."

அவன் கோணல் விரலைத் தடவிக்கொண்டே சொன்னான். "மொத நாளு தேன் குடுப்பாங்க. காலக் கழுவி விடுவாங்க. என் காலை அப்படித் தொட்டவங்க அதுக்கு முன்னாடி யாருமில்ல. நான் அழுதுட்டேன். அப்பறம் உப்புத்தண்ணி. வாந்தி வர்ற வரைக்கும், வந்த பெறகும். அப்பறம் ரப்பர் குழாய், உள்ளங்காலுல ஆரம்பிப்பாங்க. வலிக்குதுன்னு கத்தினா, அலறுவது அவனல்லன்னு எல்லாரும் சேந்து சொல்வாங்க. ஜின்னுதான் அலறுதாம். விட்டுடுங்கன்னு கெஞ்சினா, பாரு, அதுக்குப் பயம் வந்துருச்சும்பாங்க."

"பேசாம இருந்தா?"

"வீம்பு பண்ணுதுன்னு கூட அடி."

ஹனியா அந்தக் கோணல் விரல்களைத் தன் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அதுல கெட்டவன்னு ஒருத்தனும் இல்லக்கா," என்றான் அவன். "என் வெரலை ஒடச்சவன் ஒடச்சிட்டு அழுதான். நானும் ஒருத்தன அடிச்சிருக்கேன். அழுதுகிட்டேதான் அடிச்சேன். நல்லது செய்றோம்னு நெனச்சேன்."

"வலிப்பு வந்தா என்ன செய்வாங்க?"

புஷாயிப் தரையைப் பார்த்தான். "அதுதான் ஜின்னு வெளிய வர்ற நேரம்பாங்க. அப்பத்தான் ரொம்ப அடிப்பாங்க."

அவள் அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். நெருப்புக் கிளறும் இரும்புக் கம்பியையும், பெரிய மீனை இழுக்கும் கொக்கியையும் எடுத்துக்கொண்டாள். ஐஸ் உடைக்கும் லர்பியிடம், "நான் பழைய ஆலைக்குள்ள போறேன். சாயந்தரம் அஸர் பாங்கு சொன்னதும் சுமைகாரங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்து கதவ ஒட. போலீசுக்கும் ஆள் அனுப்பு. உன் கைவண்டியையும் கொண்டா," என்றாள்.

"எனக்கெதுக்கு வம்பு, ஹனியா?"

"அன்னைக்குத் திருடியிருப்பான்னு சொன்னியே. அதுக்கு."

லர்பி ஐஸ் உடைக்கும் கம்பியைக் கீழே வைத்தான்.

ஆலையின் கடல் பக்கச் சுவரில், மீன் தலையையும் குடலையும் அலைக்குத் தள்ளிவிடும் திறப்பு ஒன்று உண்டு. ஹனியா பாறைமேல் ஏறி அதற்குள் ஊர்ந்தாள். குயவர் மேட்டிலிருந்தே அவளோடு வந்திருந்த புஷாயிப் பின்னால் ஊர்ந்தான். அவன் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் அவளுக்குக் கேட்டது. ஆனாலும் வந்தான்.

உள்ளே முதலில் கேட்டது பல குரல்கள் ஒன்றாகச் சொல்வதுதான். அலறுவது அவனல்ல. அலறுவது அவனல்ல. அதற்கு நடுவே ரப்பர் குழாய் சதையில் விழும் சத்தம்.

தலை அறுக்கும் சிமெண்ட் மேடைமேல் ஜீலாலியைக் கிடத்தியிருந்தார்கள். கைகளை இருவர் பிடித்திருந்தார்கள். தடித்த ஒருவன் மார்பில் உட்கார்ந்திருந்தான். பாதம் இரண்டும் வெடித்த அத்திப்பழம்போல இருந்தன. அவனுக்கு வலிப்பு வந்திருந்தது. உடம்பு வில்லாக வளைந்து மேடையில் மோதியது, வாயிலிருந்து தண்ணீரும் நுரையும் ரத்தமும் வழிந்தன. தலைமாட்டில் துஹாமி நின்று, "வெளிய வருது, வெளிய வருது, விடாத," என்றுகொண்டிருந்தார். கால்மாட்டில் குழாயைப் பிடித்திருந்தவன் மிலூத். அவன் கண்ணிலிருந்து தாரையாகத் தண்ணீர் கொட்டியது. கை மட்டும் நிற்கவில்லை.

ஹனியா இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கி, மார்பில் உட்கார்ந்திருந்தவனின் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் சுவரில் மோதித் திரும்பியது. அவன் பக்கவாட்டில் விழுந்தான். கையைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன் பாய்ந்து அவள் கூந்தலைச் சுற்றிப் பிடித்துத் தரையில் தள்ளினான். அவன் முழங்கையில் கொக்கியை ஏற்றி இழுத்தாள். சதை கிழிந்து அவன் கத்தினான். திறப்போரம் உறைந்து நின்ற புஷாயிபுக்கு அந்தக் கத்தலில்தான் உயிர் வந்தது. கோணல் கையோடு இன்னொருவன்மேல் விழுந்து அவன் காதைப் பல்லால் கவ்வினான். மேடைக்குக் கீழே நான்கு பேரும் ரத்தத்திலும் உப்புத்தண்ணீரிலும் புரண்டார்கள்.

துஹாமி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. குரலும் உயரவில்லை. "மிலூத், உன் மனைவிக்குள்ள இருக்கிறதும் வெளிய வந்துருச்சு. அடி."

மிலூத் திரும்பினான். குழாய் அவள் முதுகில் விழுந்தது. மறுபடி ஓங்கினான், கழுத்தில் விழுந்தது. அவள் தடுக்கவில்லை. மேடையின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அடி. அடிச்சு முடிச்சிட்டு, அவன் மூச்சு விடுறானான்னு பாரு."

ஜீலாலியின் உடம்பு அப்போது அடங்கிக் கிடந்தது. உதடு கறுத்திருந்தது. மிலூத் குழாயைப் போடாமலே குனிந்தான். மூக்குக்குக் கீழே கை வைத்தான். பிறகு குழாய் கையிலிருந்து நழுவியது. ஜீலாலியின் தலையைத் தூக்கித் திருப்ப, வாயிலிருந்து உப்புத்தண்ணீர் கட்டியாக ஊற்றியது. தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம்.

"போயிடுச்சு," என்றார் துஹாமி. முகத்தில் உண்மையான சந்தோஷம். "அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லு, மிலூத். அது போயிடுச்சு."

மிலூத் அவர் தாடியைப் பிடித்து இழுத்து முகத்தை மேடையின் விளிம்பில் மோதினான். மறுபடி மோதினான். பல் தெறித்துத் தரையில் விழுந்தது. தடுக்க வந்தவனை முழங்கையால் தள்ளிவிட்டு இன்னும் மோதினான். அந்த மனிதர் அலறினார். சுற்றி நின்றவர்களில் ஒருவராவது அது அவர் குரல் இல்லை என்று சொல்லவில்லை.

"அவன விடு!" ஹனியா கத்தினாள். "அவன் கெடக்கட்டும். இவனத் தூக்கு, மிலூத். இவனத் தூக்கு."

அதே நேரம் முன்கதவைப் பிளந்துகொண்டு சுமைகாரர்கள் உள்ளே வந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன். அடுத்த கூடத்தில் ஆணும் பெண்ணுமாகப் பலர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்து வெயில் உள்ளே விழுந்திருந்தது. "போங்க, எல்லாரும் வெளிய போங்க," என்று நாங்கள் கத்தினோம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எங்களைப் பார்த்துத்தான் அவர்கள் பயந்தார்கள். ஜீலாலியைத் தூக்கிக்கொண்டு ஹனியாவும் மிலூத்தும் கடந்தபோது தாமு மட்டும் தலை நிமிர்த்தி, "போகலாமா?" என்று ஹனியாவைக் கேட்டாள்.

"என்னைக் கேக்காத," என்றாள் ஹனியா நடந்துகொண்டே. "நீயா எந்திரிச்சுப் போ."

தாமு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. மற்றவர்களைப் போலீஸ் வந்துதான் கிளப்ப வேண்டியிருந்தது.

லர்பியின் கைவண்டியில் ஐஸ் சாக்கை விரித்து ஜீலாலியைக் கிடத்தினார்கள். மிலூத் இழுத்தான். நாங்கள் பின்னால் தள்ளினோம். ஹனியா வண்டியில் உட்கார்ந்து தம்பியின் தலையை மடியில் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி மேட்டில் ஏறும்போது ஜீலாலி கண் திறந்தான். எங்கே இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. முன்னால் தெரிந்த வெள்ளை முதுகைப் பார்த்தான்.

"மச்சான்," என்றான். "நான்தான் மச்சான். ஜின்னு இல்ல. நான்தான்."

மிலூத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கேட்டிருந்தான், அவன் கால் இடறியது, வண்டி ஒரு முழம் பின்னால் வந்தது. ஹனியா, "இழு," என்றாள். அவன் இழுத்தான். ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரிந்தபோது அவள் மடியில் இருந்த தலை கனத்துப்போயிருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. வாசல்வரை வண்டி ஓடியது.

ஜீலாலியின் சாவு வழக்காகி நீண்டது. துஹாமி உடைந்த தாடையோடு வந்து, குணப்படுத்தவே நினைத்தேன் என்றார். பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் இன்றுவரை என்னைப் பயமுறுத்துகிறது. மிலூத் தனக்கென்று வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. அடித்தாயா என்று கேட்டதற்கு, அடித்தேன் என்றான். ஹனியா சாட்சிக் கூண்டில் ஏறியபோது, நீதிபதி, "உங்க கணவரும் ஏமாத்தப்பட்டவர்தானே?" என்று கேட்டார்.

"ஏமாந்தது நெசம்," என்றாள். "அடிச்ச கை அவனோடது."

துஹாமிக்கும் அவரோடு மேடையைச் சுற்றி நின்றவர்களுக்கும் நீண்ட சிறை. மிலூத்துக்கு அவர்களைவிடக் குறைவு. ஊர் ஒரே குரலில் பேசவில்லை. நம் பிணங்களைக் குளிப்பாட்டிய நல்லவர்களைச் சிறைக்கு அனுப்பியவள் என்று அவள் கடைமேல் கல்லெறிந்தவர்களும் இருந்தார்கள். ஒரு கல் அவள் புருவத்தைக் கிழித்தது. மறுநாள் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து அடுப்பை மூட்டினாள். புஷாயிப் அவளுக்கு மீன் கழுவிக் கொடுக்க வந்து சேர்ந்தான்.

பனிக்காலம் கழிந்து ஒருநாள் அவள் மிலூத்தைப் பார்க்கப் போனாள். கூடையில் ரொட்டி, ஆலிவ், சீரகமும் உப்பும் தூவிய அவித்த முட்டை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் மெலிந்து நின்றான்.

"தூங்க முடியல, ஹனியா. அவன் கொரல் கேக்குது."

"கேக்கட்டும்."

"இங்க சில பேரு கூடி ஓதுறாங்க. நல்லவங்களாத்தான் தெரியுறாங்க. கூப்பிடுறாங்க. போகவா வேண்டாமான்னு தெரியல."

"உன்னோட சேந்து அழுதா ஒடனே கெறங்கிடாத. நீ வரலன்னு சொல்லிப் பாரு. அதுக்கு அவங்க என்ன செய்றாங்கன்னு பாரு. அப்பறம் யோசி."

அவன் தலையாட்டினான். "நீ என்னை மன்னிப்பியா?"

ஹனியா அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "அவன் முகம் என் மடியிலேயே இருக்கு, மிலூத். நான் என்ன சொல்றது?"

மணி அடித்தது. காவலர் அவனை அழைத்துப் போனார். வெளியே வந்து பேருந்து ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவனுக்குக் கொடுக்க வேண்டிய கூடை தன் கையிலேயே இருப்பதைப் பார்த்தாள். வண்டி கிளம்பிவிட்டது. கடற்கரைச் சாலையில் திரும்பும்போது அவளுக்கு நல்ல பசி எடுத்தது. துணியை விலக்கி முட்டையை எடுத்தாள். ரொட்டியைப் பிய்த்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, ஒன்று விடாமல் தின்றாள்.